சுழல் எஞ்சினில் எண்ணெய் அமுக்கம் குறைதல்

விமானத்தின் கருவிப் பலகையில் அமைந்துள்ள மானிகளுள் எண்ணெய் அமுக்கமானி அளவிற் சிறியது. ஆயினும், எஞ்சினை இயக்கியவுடன் முதன்முதலாக நோக்கவேண்டியது அதுவே. இயக்கிய 30 விநாடிகளுக்குள் அதன் முள் எழவில்லையாயின் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது விமானப் பயிற்சியில் பொதுவாகக் கற்பிக்கப்படும் விதியாகும். எண்ணெய் இன்றி ஓடும் பேரிங்கு சில நிமிடங்களில் இறுகிவிடும். தரையில் ஓடும் வண்டியாயின் சாலையோரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வானில் அதற்கு வழியில்லை. ஆகவே முள் தாழும்போது செய்யவேண்டியது யாது, அதன் காரணத்தை எவ்வரிசையில் தேடவேண்டும் என்பன களப் பணியாளரும் தொழிற்கல்வி ஆசிரியரும் தெளிவாக அறிந்திருக்கவேண்டிய விஷயங்களாகும். இப்பாடம் சுழல் எஞ்சினை எடுத்துக்கொண்டு அம்முறையை விளக்குகிறது.

இருவகைச் சுழல் எஞ்சின்கள்

‘சுழல் எஞ்சின்’ என்னும் பெயர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு யந்திரங்களுக்கு வழங்கி வருகிறது. இவ்விரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்ளாதவாறு முதலிலேயே பிரித்துக் காட்டுதல் நலம்.

முதல் வகை, பிரான்ஸ் நாட்டின் ஸெகன் சகோதரர்கள் 1908-1909-ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய நோம் எஞ்சினும் அதன் வழிவந்தனவுமாகும். இவற்றில் நடுத்தண்டு விமானத்தின் உடலோடு அசையாமற் பிணைக்கப்பட்டிருக்கும்; உருளைகள் யாவும் காற்றாடியோடு சேர்ந்து சுழலும். 1911-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அவுரங்காபாத்தில் நடைபெற்ற குதிரைப்படைப் பயிற்சியில், பிரிஸ்டல் நிறுவனத்தின் ‘பாக்ஸ்கைட்’ விமானம் ஒன்று வேவு பார்க்கப் பயன்படுத்தப்பட்டது. அவ்வகை விமானத்திற்குப் பெரும்பாலும் 50 குதிரைத்திறன் கொண்ட நோம் எஞ்சினே பொருத்தப்பட்டு வந்தது.

நோம் எஞ்சினில் பெட்ரோற் கலவை நடு அறையின் வழியாகவே உருளைகளுக்குச் சென்றது. நிலத்தடி எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகெண்ணெய் பெட்ரோலில் எளிதிற் கரைந்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு கரைவதில்லை. எனவே நம் நாட்டில் விளக்கெண்ணெய் என்று வழங்கும் அவ்வெண்ணெயே அந்த எஞ்சின்களுக்கு மசகாயிற்று. பம்பு அனுப்பிய எண்ணெய் ஒருமுறை பயன்பட்டபின் புகையோடு வெளியே சென்றுவிடும், தொட்டிக்குத் திரும்புவதில்லை. ஆகையால் அமுக்கமானிக்கு அங்கு வேலையில்லை. அதற்குப் பதிலாக, விமானியின் முன் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருந்தது. பம்பின் ஒவ்வோர் அடிக்கும் அதனுள் எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும். அத்துடிப்பு நின்றால் எண்ணெய் நின்றது என்று பொருள். எண்ணெய் செல்கிறதா என்னும் வினாவுக்கு அக்குமிழ் நேரே விடையளித்தது என்பதை நினைவிற் கொள்க. இன்றைய அமுக்கமானி அவ்வாறு நேரே விடையளிப்பதில்லை.

இரண்டாம் வகை, ஜெர்மானியரான பெலிக்ஸ் வான்கெல் என்பவரின் பெயரால் வழங்குவது. அவரது முதல் எஞ்சின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-ஆம் ஆண்டில் ஓடியது. இதில் பிஸ்டன் இல்லை. முக்கோணத்தை ஒத்த சுழலி ஒன்று, நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற அறைக்குள் புரண்டு சுழல்கிறது. சுழலி ஒருமுறை சுற்றும்போது, அதனைத் தாங்கும் மையம் விலகிய தண்டு மூன்று முறை சுற்றுகிறது. ஜப்பான் நாட்டின் மாஸ்டா நிறுவனம் 1967-ஆம் ஆண்டிலிருந்து இவ்வகை எஞ்சினைக் கார்களிற் பொருத்தி விற்றது. அதன் ‘13 பி’ என்னும் இரு சுழலி எஞ்சினை, வேகங்குறைக்கும் பற்சக்கரத் தொகுதியோடு சிறு விமானங்களிற் பொருத்திப் பறப்போர் பல நாடுகளில் உள்ளனர்.

நம் நாட்டிலும் இவ்வகை எஞ்சின் உருவாக்கப்பட்டுள்ளது. ‘நிஷாந்த்’ என்னும் ஆளில்லா விமானத்திற்காக 55 குதிரைத்திறன் கொண்ட வான்கெல் எஞ்சின் ஒன்றைப் பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகமும், விமான மேம்பாட்டு நிறுவனமும், அகமத்நகரிலுள்ள இராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனமும் கூடி உருவாக்கின. சுமார் 30 கிலோகிராம் எடையுள்ள அவ்வெஞ்சின், தரையில் சோதனை ஓட்டத்தை முடித்து, 2009-ஆம் ஆண்டில் கோலார் அருகே முதன்முறையாகப் பறந்தது. அகமத்நகர் புனேயிலிருந்து சாலைவழியே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அம்மாவட்டம் 2024-ஆம் ஆண்டில் அஹில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

புனே நகரின் வடமேற்கில் முளா ஆற்றங்கரையில் அமைந்த போபோடிப் பகுதியினர்க்கு எஞ்சின் புதிய பொருளன்று. அதனை அடுத்துள்ள கடிகியில் 1946-ஆம் ஆண்டிலேயே கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையிலுள்ள தாபோடியில் இராணுவப் பொறியியற் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிணற்று மேடுகளில் நெடுங்காலமாக நீர் இறைத்துவரும் டீசல் எஞ்சினை அறிந்தவர், கீழே கூறப்படும் பலவற்றை அதனோடு ஒப்பிட்டு உணரலாம். பேரிங்கும் பம்பும் வால்வும் இரண்டிற்கும் பொதுவே. சுழல் எஞ்சினுக்கே உரிய சில பகுதிகள் மட்டும் தனியே கற்கத்தக்கன.

அமுக்கம் எவ்வாறு உண்டாகிறது?

பம்பு அமுக்கத்தை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பம்பு உண்டாக்குவது ஓட்டத்தையே. அந்த ஓட்டத்திற்கு வழியில் ஏற்படும் தடையினால்தான் அமுக்கம் எழுகிறது. தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் சிறிது மூடினால் நீர் சீறிப் பாய்வதை யாவரும் கண்டிருப்பர். விரலை எடுத்துவிட்டால் சீற்றம் அடங்குகிறது. எஞ்சினில் அவ்விரலின் வேலையைச் செய்வது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியாகும்.

ஆகவே எண்ணெய் அமுக்கம் மூன்று பொருள்களைச் சார்ந்தது. முதலாவது, பம்பு அனுப்பும் எண்ணெயின் அளவு. இது எஞ்சினின் சுற்று வேகத்தோடு கூடிக் குறையும். இரண்டாவது, எண்ணெயின் பாகுநிலை. உஷ்ணம் ஏற ஏற எண்ணெய் நீர்த்து, எளிதில் ஒழுகிவிடும். மூன்றாவது, எண்ணெய் வெளியேறும் இடைவெளிகளின் அகலம். மெல்லிய இடைவெளியின் வழியே ஒழுகும் எண்ணெயின் அளவு அவ்விடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது, இடைவெளி இருமடங்கானால், அதே அமுக்கத்தில் ஒழுக்கு எட்டு மடங்காகும். தேய்ந்த பேரிங்கு ஒன்று முழு எஞ்சினின் அமுக்கத்தையும் தாழ்த்திவிடுவதன் காரணம் இதுவே.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படும். அமுக்கம் மிகுந்திருப்பதனால் மட்டும் எண்ணெய் போதுமான அளவு பாய்கிறது என்று கொள்ளலாகாது. வழி அடைபட்டாலும் அமுக்கம் ஏறும். தடித்த எண்ணெயை ஊற்றினாலும் முள் உயரும்; ஆனால் பம்பு தள்ளும் எண்ணெயில் ஒரு பகுதி விடுவிப்பு வால்வின் வழியாகத் திரும்பிவிட, பேரிங்குகளுக்கும் சுழலிகளுக்கும் குறைவாகவே சென்று சேரும். சுழல் எஞ்சினில் இது பெருந்தீங்கு விளைக்கும். ஏனெனில் மாஸ்டா வகையில் சுழலியின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெயே. எஞ்சினிலிருந்து நீக்கவேண்டிய உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எண்ணெயே சுமந்து செல்கிறது. மற்ற எஞ்சின்களில் எண்ணெய் முதன்மையாக மசகு. இங்கோ மசகும் அதுவே, குளிர்விக்கும் நீரும் அதுவே.

எண்ணெயின் பாதை

பழுதைத் தேடுமுன் எண்ணெய் செல்லும் வழியை வரிசையாக அறிதல் வேண்டும். 13 பி எஞ்சினில் அது பின்வருமாறு அமைந்துள்ளது.

அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை வலையிட்ட உறிஞ்சு குழாய் வழியாகப் பம்பு இழுக்கிறது. பம்பு எஞ்சினின் முன்புறத்தில் அமைந்து, தண்டிலிருந்து சங்கிலியால் ஓட்டப்படுகிறது. அங்கிருந்து எண்ணெய் வெளியிலுள்ள குளிர்விப்பானுக்குச் சென்று, பின்புறச் சுவரின் வழியே வடிகட்டியை அடைகிறது. வடிகட்டியைத் தாண்டியபின் முன், பின் பேரிங்குகளுக்கும், மையம் விலகிய தண்டின் உட்துளைக்கும் பிரிகிறது. தண்டினுள் சென்ற எண்ணெய் சுழலியின் பேரிங்குகளை நனைப்பதோடு, நுண்துளைகள் வழியே சுழலியின் உட்புறத்தில் பீச்சப்பட்டு, உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு அடித்தொட்டிக்கு வழிகிறது.

இப்பாதையில் இரண்டு வால்வுகள் உள்ளன. முன்புற மூடியிலுள்ளது மிகையான அமுக்கத்தை விடுவிப்பது. பின்புறச் சுவரிலுள்ளது வழக்கமான அமுக்கத்தை ஒழுங்குபடுத்துவது. இவையன்றித் தண்டின் முன்முனையில் உஷ்ணத்தினால் இயங்கும் ஒரு சிறு அடைப்பும் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது திறந்து நின்று, சுழலிக்குச் செல்லவேண்டிய எண்ணெயின் ஒரு பகுதியைத் திருப்பிவிடும். எண்ணெய் சுமார் 60 பாகை சென்டிகிரேடு அடைந்தபின் மூடிக்கொள்ளும். அதன்பின் சுழலிக்கு முழு எண்ணெயும் கிடைக்கும்.

மேலும், தொட்டியிலிருந்து சிறிதளவு எண்ணெயை ஓர் அளவுப் பம்பு எடுத்துச் சுழலியின் முனை அடைப்பான்களை நனைப்பதற்காக எரியறைக்குள் செலுத்துகிறது. அவ்வெண்ணெய் எரிந்துபோகும். ஆதலால் சுழல் எஞ்சினில் எண்ணெய் மட்டம் மெல்ல மெல்லக் குறைவது பழுதன்று; குறையாமலிருப்பதே ஐயத்திற்குரியது.

ஆளில்லா விமானங்களுக்குரிய சிறிய ஒற்றைச் சுழலி எஞ்சின்கள் பலவற்றில் இத்தகைய சுற்றுப்பாதையே இல்லை. சுழலி காற்றினாற் குளிர்விக்கப்பெறும். எண்ணெய் அளவாகச் செலுத்தப்பட்டு எரிந்துவிடும். அத்தகைய எஞ்சினில் அமுக்கத்தைத் தேடுவது வீண். தொட்டியிலுள்ள எண்ணெய் மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்ப்பதே சோதனை. இவ்வகையில் அது நூறாண்டுகளுக்கு முற்பட்ட நோம் எஞ்சினை ஒத்திருக்கிறது.

முள் எப்பொழுது தாழ்கிறது?

ஆராய்ச்சியின் முதற்படி, திருகாணியைத் தொடுமுன் இவ்வினாவுக்கு விடை காண்பதாகும். விடை நால்வகைப்படும்.

1. இயக்கியதும் முள் எழவே இல்லை. பம்பு எண்ணெயை இழுக்கவில்லை, அல்லது மானி பழுதுற்றுள்ளது. எஞ்சினைப் பிரித்துக் கூட்டியபின் முதன்முறை இயக்கும்போது, பம்பில் எண்ணெய் நிரப்பப்படாமையால் இது நேர்வதுண்டு.

2. குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறியபின் மந்த ஓட்டத்தில் மட்டும் தாழ்கிறது. எண்ணெய் நீர்த்துள்ளது, அல்லது எங்கோ இடைவெளி மிகுந்துள்ளது. வேகங்கூடும்போது பம்பின் ஓட்டம் கூடுவதால் இக்குறை மறைந்துவிடும்.

3. எல்லா வேகத்திலும் ஒரே அளவுக்குமேல் ஏற மறுக்கிறது. விடுவிப்பு வால்வு முழுதும் மூடாமல் நிற்கிறது என்று ஐயுறலாம். வால்வின் முகத்தில் சிக்கிய சிறு உலோகத் துகளே இதற்குப் போதும்.

4. முள் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது, அல்லது மின்கம்பி இணைப்பு தளர்ந்துள்ளது. விமானம் சாயும்போதும் திரும்பும்போதும் மட்டும் ஆடினால், உறிஞ்சு குழாயின் வாய் எண்ணெயை விட்டு விலகுகிறது என்பது தெளிவு.

ஆராயும் வரிசை

எளிதிலும் குறைந்த செலவிலும் சோதிக்கத்தக்கதை முதலிலும், எஞ்சினைப் பிரிக்கவேண்டியதை இறுதியிலும் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. ஐயம் தீரும்வரை, சோதனைக்கு வேண்டிய சில விநாடிகளுக்குமேல் எஞ்சினை ஓட்டலாகாது.

முதலாவது, மானி. கருவிப் பலகையிலுள்ள மின்மானியையும் அமுக்க உணரியையும் மட்டும் நம்பி எஞ்சினைக் குற்றஞ்சாட்டுதல் கூடாது. உணரியைக் கழற்றி, அதே துளையில் சரிபார்க்கப்பட்ட குழாய்வகை மானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். உணரியின் புவித்தொடர்புக் கம்பி தளர்ந்திருந்தாலும் முள் பொய்யுரைக்கும். இரு மானிகளும் ஒரே அளவைக் காட்டினாலன்றி அடுத்த படிக்குச் செல்லுதல் பயனற்றது. சரியான அளவு யாது என்பதை அந்தந்த எஞ்சினின் கைந்நூலே கூறும். 13 பி எஞ்சின் வகைகளுள் சிலவற்றில் 3,000 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம் என்பது வழக்கமான அளவு.

இரண்டாவது, எண்ணெயின் மட்டமும் தன்மையும். அளவுக் குச்சியில் மட்டம் தாழ்ந்திருந்தால் காரணம் வெளிப்படை. மட்டம் உயர்ந்திருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எண்ணெயை எரிக்கும் எஞ்சினில் மட்டம் உயர்வதற்கு வேறு ஏதோ ஒன்று உட்புகுந்திருத்தல் வேண்டும். பெட்ரோல் மணம் வீசினால், எரிபொருள் பக்க அடைப்பான்களைக் கடந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. பால்போல் வெளுத்துக் காணப்பட்டால் நீர் கலந்துள்ளது. நுரைத்துக் காணப்பட்டால் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டிருக்கலாம். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்க்கையில் நறநறவென்றிருந்தால் துகள் உள்ளது. அந்நிலையில் எஞ்சினை மறுபடி இயக்கவே கூடாது.

மூன்றாவது, எண்ணெயின் உஷ்ணநிலை. புனேயில் கோடைப் பகலில் காற்றின் உஷ்ணம் 40 பாகையை நெருங்குவதுண்டு. தரையில் நின்றவாறே நெடுநேரம் எஞ்சினை ஓட்டினால், குளிர்விப்பானுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை; எண்ணெய் சூடேறி நீர்க்கிறது; முள் தாழ்கிறது. இவ்விடத்தில் பழுது அமுக்கத்தில் இல்லை, குளிர்வித்தலில் உள்ளது. குளிர்விப்பானின் முகத்தில் தூசியும் பூச்சியும் படிந்துள்ளனவா, காற்று வழிக்குத் தடையுண்டா என்பனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

நான்காவது, வெளிக்குழாய்கள். கார் எஞ்சினை விமானத்திற் பொருத்துவோர் குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாய்களைப் புதிதாக அமைக்கின்றனர். குறுகிய துளையுள்ள ஒரு முழங்கை இணைப்பும், உட்புறம் உரிந்து தொங்கும் ஒரு ரப்பர்க் குழாயும் ஓட்டத்தை நெரித்துவிடும். உணரி இவற்றுக்கு அப்பால் வடிகட்டியை அடுத்து அமைந்திருப்பதால், பம்பருகே அமுக்கம் மிகுந்தும், மானியில் குறைந்தும் தோன்றும். குளிர்விப்பானின் இருபுறமும் அமுக்கத்தை அளந்தால் இது வெளிப்படும்.

ஐந்தாவது, வடிகட்டி. அதனைக் கழற்றி, அறுத்துத் தாளை விரித்து நோக்க வேண்டும். மின்னும் நுண்துகள்கள் பேரிங்குத் தேய்வின் சான்றாகும். இவ்வோர் ஆய்வே எஞ்சினைப் பிரிக்கவேண்டுமா வேண்டாமா என்பதைப் பலமுறையும் தீர்மானித்துவிடும்.

ஆறாவது, உறிஞ்சும் பக்கம். அடித்தொட்டியை இறக்கி, உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள அடைப்பையும் வலையையும் காண்க. அடைப்பு வெடித்திருந்தால் எண்ணெய் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே நுழையும். தொட்டியைப் பொருத்தும்போது மிகுதியாகப் பூசப்பட்ட ரப்பர்ப் பசை, உரிந்து வலையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஏழாவது, முன்புற மூடியும் வால்வுகளும். எண்ணெய் முன்புறச் சுவரிலிருந்து மூடிக்குக் கடக்குமிடத்தில் ஒரு ரப்பர் வளையம் உள்ளது. அது நசுங்கினாலும் இடம் பெயர்ந்தாலும், எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தொட்டிக்கு ஒழுகிவிடும். வெளியில் ஒரு துளியும் தென்படாது. சூடான எஞ்சினில் மந்த ஓட்டத்தின்போது முள் தாழ்வதற்கு இச்சிறு வளையம் காரணமாயிருத்தல் இவ்வெஞ்சினை அறிந்தோர்க்குப் பழக்கமான செய்தி. தண்டின் முன்முனையிலுள்ள உஷ்ண அடைப்பு மூட மறுத்தாலும் அதே குறி தோன்றும். ஆனால் அதன் விளைவு கொடியது. சுழலிக்குரிய எண்ணெய் வீணே திரும்புவதால் சுழலி குளிராமற் போகும்.

எட்டாவது, பம்பும் பேரிங்குகளும். மேற்கூறிய யாவும் சரியாயிருப்பின், பம்பின் சுழல் பகுதிகளின் இடைவெளியைத் தகட்டு அளவியால் அளந்து கைந்நூலோடு ஒப்பிட வேண்டும். அதுவும் சரியாயின் எஞ்சினைப் பிரிப்பதன்றி வேறு வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறையின் பயனை ஒரு கற்பனை நிகழ்ச்சியால் விளக்கலாம். ஓர் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் 3,000 சுற்றில் 5 கிலோகிராம் அமுக்கம் இருப்பதாகவும், ஒரு மணி நேரம் ஓடியபின் மந்த ஓட்டத்தில் அது 0.8 கிலோகிராமாகத் தாழ்வதாகவும் கொள்வோம். இதுவரை அதே நிலையில் 1.8 கிலோகிராம் இருந்துவந்தது.

பணியாளர் ஒருவர், விடுவிப்பு வால்வின் வில்லுக்கு அடியில் ஒரு வட்டத்தகட்டைச் சேர்த்து வில்லை இறுக்குகிறார். குளிர்ந்த நிலையில் முள் முன்னினும் உயர்கிறது. சூடானபின் மந்த ஓட்டத்திலோ மாற்றமில்லை. ஏனெனில் அந்நிலையில் வால்வு ஏற்கனவே மூடியிருந்தது. பிறகு தடித்த எண்ணெயை ஊற்றுகிறார். முள் 1.5-க்கு எழுகிறது. பணி முடிந்ததென்று விமானம் ஒப்படைக்கப்படுகிறது.

மற்றொருவர் வரிசைப்படி செல்கிறார். குழாய்வகை மானியும் 0.8 என்றே காட்டுகிறது. அளவுக் குச்சியில் மட்டம் சென்ற வாரத்தைவிட உயர்ந்துள்ளது. பெட்ரோல் மணம் வீசுகிறது. எரிபொருள் செலுத்தும் நுண்குழல்களைச் சோதித்ததில், ஒன்று எஞ்சின் நின்றபின்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதனை மாற்றி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, வடிகட்டித் தாளில் துகள் இல்லை என்றும் உறுதி செய்துகொள்கிறார். முள் 1.8-க்குத் திரும்புகிறது.

முதலாமவர் முள்ளைத் திருத்தினார். பெட்ரோல் தொடர்ந்து எண்ணெயிற் கலந்துகொண்டே இருக்கும். இரண்டாம் எண்ணெயும் நீர்க்கும் நாளில் விமானம் எங்கே பறந்துகொண்டிருக்கும் என்பதை யார் கூற இயலும்? தவிரவும், எண்ணெயோடு கலந்த பெட்ரோல் ஆவி தீப்பற்றும் அபாயமும் அங்கே உள்ளது. நோம் எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தவர்கள் அஞ்சியதும், மசகைப் பெட்ரோல் கரைத்துவிடும் என்னும் இதே தீமையைத்தான்.

வானில் முள் தாழ்ந்தால்

பறக்கும்போது எண்ணெய் அமுக்கமானி தாழ்ந்தால், அதனருகிலுள்ள எண்ணெய் உஷ்ணமானியை உடனே நோக்க வேண்டும். அமுக்கம் தாழ்ந்து உஷ்ணம் ஏறினால் பழுது மெய்யானது. எஞ்சின் நிற்பதற்குச் சில நிமிடங்களே இருக்கலாம். எஞ்சினின் சுமையைக் குறைத்து, இறங்கத்தக்க இடத்தை நோக்கித் திரும்ப வேண்டும். உஷ்ணம் மாறாமலும் எஞ்சினின் ஒலி ஒழுங்காகவும் இருந்தால் மானி பழுதுற்றிருக்கக்கூடும். ஆயினும் உஷ்ணமானியின் உணரி எண்ணெய் முற்றும் வற்றிய இடத்தில் இருந்தால் அது ஏறாமலே நிற்றலும் உண்டு. எனவே இந்நிலையிலும் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிச் சோதிப்பதே முறையாகும்.

சான்றிதழ் பெற்ற விமானங்களில் பழுது நீக்கும் பணியைக் குடிசார் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரே செய்து கையொப்பமிட வேண்டும். களப் பணியாளரின் கடமை, கண்டதைக் கண்டவாறே நாட்குறிப்பில் எழுதுவது. ‘அமுக்கம் குறைவு’ என்று மட்டும் எழுதுவதனாற் பயனில்லை. எந்த வேகத்தில், எந்த உஷ்ணத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின், எத்தனை கிலோகிராம், முள் நிலைத்து நின்றதா ஆடியதா என்று எழுதினால், பொறியாளரின் பாதிப் பணி முடிந்துவிடும்.

வகுப்பறைச் சோதனைகள்

விமானமும் சுழல் எஞ்சினும் இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தைச் செய்து காட்டலாம்.

முதற் சோதனை: ஒரு தகரக் குவளையின் அடியில் ஆணியால் சிறு துளையிடுக. விளக்கெண்ணெயை ஒரு குறிவரை நிரப்பி, முழுதும் ஒழுக எத்தனை விநாடி ஆகிறதென்று குறித்துக்கொள்க. பிறகு எண்ணெய்ப் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, மறுபடியும் அளக்க. ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை 20 பாகையில் உள்ளதைவிட 40 பாகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எஞ்சின் சூடேறும்போது முள் தாழ்வதன் காரணத்தை மாணவர் கண்ணாற் காண்பர்.

இரண்டாம் சோதனை: ஊசியில்லாத ஒரு மருந்துப் பீச்சுக்குழலில் நீரை நிரப்பித் தண்டைத் தள்ளச் செய்க. பிறகு வாயில் விரலை வைத்துப் பாதி மூடி, மறுபடி தள்ளச் செய்க. கை உணரும் எதிர்ப்பு கூடுகிறது. வெளிவரும் நீரோ குறைகிறது. அமுக்கம் ஏறுவதும் ஓட்டம் குறைவதும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறில்லை.

இவ்விரு சோதனைகளையும் முடித்தபின், மேற்கூறிய எடுத்துக்காட்டை மாணவர்முன் வைத்து, முதற் பணியாளர் எவ்விடத்தில் தவறினார் என்று அவர்களையே கூறச் செய்யலாம். வட்டத்தகட்டைச் சேர்த்தபோது சூடான எஞ்சினில் முள் ஏன் அசையவில்லை என்பதைத் தம் சொற்களில் விளக்க வல்லவர், மானியைப் படிக்கக் கற்றுக்கொண்டார் எனலாம்.